நிற்கும் விமானத்தில் பறப்பதாக நடிப்பது

நிறுவனங்களின் விளம்பரப் படங்களில் வரும் விமானக் காட்சிகளைப் பெரும்பாலும் தரையில் நிறுத்தி வைத்த விமானத்திலோ கேபின் செட்டிலோதான் எடுக்கிறார்கள். பறக்கும்போது எடுத்தால் இன்ஜின் இரைச்சலில் வசனம் தேறாது. ஆக, விமானம் அசையாது; பறப்பதை நடிப்பவர் உடம்புதான் காட்ட வேண்டும்.

டேக் ஆஃப் ஷாட்டில் பலர் முதுகைச் சட்டென்று சீட்டில் மோதுகிறார்கள். பஸ் கிளம்பும்போதுதான் அப்படி ஆகும். விமானத்தில் அந்த அழுத்தம் ஓடுபாதை முழுக்க, ஏறக்குறைய அரை நிமிடம் விடாமல் இருக்கும். தலையைச் சீட்டில் ஒட்டி, தோளைத் தளர்த்தி, அப்படியே நிலைத்திருங்கள். விமானம் குலுங்கும் காட்சியில் ஆளுக்கொரு பக்கம் ஆடினால் பொய் அப்பட்டமாகத் தெரியும். உதவி இயக்குநர் எண்ணச் சொல்லி, ஒரே எண்ணுக்கு எல்லோரும் ஒரே பக்கம் சாயுங்கள். இடுப்புக்கு மேல்தான் அசைய வேண்டும். பெல்ட் போட்ட இடுப்பு சீட்டோடு கிடக்கும்.

அந்த பெல்ட்டுக்கே ஒரு குளோசப் இருக்கும். கார் பெல்ட்டுக்குப் பழகிய கட்டைவிரல் பட்டனைத் தேடும். விமான பெல்ட்டில் மேல் மூடியைத் தூக்கினால்தான் நாக்கு கழன்று வரும். கேமரா ஓடுவதற்கு முன்பே பத்து முறை போட்டுக் கழற்றிப் பாருங்கள்.

சிறிய விமானங்களில் நடைபாதை இரண்டடி கூட இருக்காது. கேமரா முகத்துக்கு மிக அருகில், அகன்ற லென்ஸோடு நிற்கும். லென்ஸை நோக்கி நீட்டிய கை பூதாகரமாகத் தெரியும். கையசைவு மார்பகலத்துக்குள் அடங்கட்டும்.

அதிகம் கெடுவது குரல்தான். ஏசிக்கும் மின்சாரத்துக்கும் ஓடும் துணை இன்ஜினை வசன ஷாட்டுக்காக நிறுத்திவிடுவார்கள். கேபின் நிசப்தமாகிவிடும், உடனே நடிகர்கள் தாழ்ந்த குரலுக்குப் போய்விடுவார்கள். எடிட்டிங்கில் இன்ஜின் சத்தம் சேர்ந்ததும், அந்த இரைச்சலில் இவர்கள் கிசுகிசுப்பது ஒட்டாது. டப்பிங்கில் குரலை உயர்த்தலாம். கழுத்து நரம்பையும் வாயசைவையும் உயர்த்த முடியாது. எனவே வழக்கத்தைவிட அரைப்பங்கு கூடுதலாக உரக்கப் பேசுங்கள், பக்கத்து சீட்காரரை நோக்கிக் கொஞ்சம் சாயுங்கள், கேட்பவர் காதைக் கொடுக்கட்டும். காலர் மைக் பெல்ட்டிலோ கோட்டிலோ உரசாமல் இருக்கிறதா என்று ஒலிப்பதிவாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏசி நின்றால் பத்தே நிமிடத்தில் வியர்க்கும். டிஷ்யூவால் ஒற்றுங்கள், துடைத்தால் மேக்கப் போய்விடும். ஜன்னல் மூடி எவ்வளவு திறந்திருந்தது, கப்பில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்பதை நீங்களும் நினைவில் வையுங்கள். அடுத்த கோணம் ஒரு மணி நேரம் கழித்து வரலாம்.

அவசரக் கதவின் பிடியில் சும்மாகூடக் கை வைக்காதீர்கள். ஆபத்தில் பயணிகள் சறுக்கி இறங்குவதற்கான காற்றடைத்த சறுக்கு தயார்நிலையில் இருந்து கதவு திறந்தால், சில நொடிகளில் வெளியே ஊதிப் பெருத்துவிடும். அன்றைய படப்பிடிப்பு அதோடு சரி.