ஒரு க்ராஷ் லாகுக்காக இரண்டு முறை குடியாத்தம்

இப்போதுதான் குடியாத்தத்திலிருந்து திரும்பினேன். இரண்டு வாரமாகத் தூங்கவிடாத க்ராஷின் (ஆப் திடீரென மூடிக்கொள்வது) லாக், அதாவது அது ஏன் நடந்தது என்ற பதிவு, ஒருவழியாகக் கிடைத்துவிட்டது.

நாங்கள் செய்வது கைலி வியாபாரிகளுக்கான கணக்கு ஆப். இன்னும் பிளே ஸ்டோருக்குப் போகவில்லை, ஏபிகே-யை (ஆப்பை நிறுவும் ஃபைல்) வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் சோதிக்கிறோம். அதனால் பிளே கன்சோலில் க்ராஷ் விவரத்தைப் பார்க்கவும் வழியில்லை. குடியாத்தம் கடைக்கார அண்ணன் போனில் மட்டும் பில் போட்டதும் ஆப் மூடிக்கொள்கிறது. காட்பாடியில் எங்களிடம் இருக்கிற எந்தப் போனிலும் வரவில்லை.

முதல் முறை போனது வீண். வேலூரில் அவசரமாக வாங்கிய கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது. அங்கேயே வேறு கேபிள் வாங்கி மாட்டினால், லாக்கேட்டில் (போனில் நடப்பதை வரி வரியாகக் காட்டும் பதிவு) முந்தின நாள் வரி ஒன்றுகூட இல்லை. "தொங்குதேன்னு ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன் தம்பி" என்றார். லாக்கேட் மெமரியில் இருப்பது, போனை அணைத்தால் போச்சு. நான்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து தேடியதில்தான் தெரிந்தது: க்ராஷ் விவரத்தை ஆண்ட்ராய்டு தனக்குள்ளேயே டிராப்பாக்ஸ் (கிளவுட் டிராப்பாக்ஸ் அல்ல) என்ற இடத்திலும் எழுதி வைக்கிறது. ரீஸ்டார்ட் செய்தாலும் அழியாது. ஆனால் வழக்கமாக 3 நாள்தான், அதற்குள் ஓட வேண்டும்.

மறுபடி க்ராஷ் ஆன மறுநாளே கிளம்பினேன். இந்த முறையும் ரீஸ்டார்ட் செய்திருந்தார். பில்ட் நம்பரை 7 முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, யூஎஸ்பி டீபக்கிங் (கம்ப்யூட்டர் கேபிள் வழியே போனுக்குள் பார்க்கும் அனுமதி) போட்டு, ஏடிபி ஷெல்லில் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை தரும் கருவி) dumpsys dropbox --print கொடுத்தேன். வந்தது! பில்ட் செய்யும்போது (ஆப்பின் ஒரு பதிப்பை உருவாக்கும்போது) கோடில் உள்ள பெயர்கள் சுருக்கப்படுவதால், பாதி வரிகள் a.b.c என்று ஒற்றை எழுத்தாக இருந்தன. அவற்றை மூலப் பெயருக்கு மாற்ற உதவும், அந்த பில்டின் மேப்பிங் ஃபைலை அடுத்த பில்ட் அழித்துவிட்டது. தயவுசெய்து ஒவ்வொரு ஏபிகே-யோடும் அதை எடுத்து வையுங்கள்.

ஆனால் நடுவில் ஒரு வரி: '14-ஜூன்-2024' என்பதைப் படிக்க முடியவில்லை, இடம் 3 (0-விலிருந்து எண்ணினால் 'ஜூன்' தொடங்கும் இடம்). அத்தனை ஆங்கிலத்துக்கு நடுவே 'ஜூன்' மட்டும் தமிழில்! அண்ணன் போன் தமிழில் இருக்கிறது. தேதியைப் போனின் மொழியில் எழுதிவிட்டு ஆங்கிலத்தில் படிக்கிறோம். எங்கள் போன் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தால் எப்படி வரும்?

டீபக்கிங்கை மறக்காமல் அணைத்தேன். அது ஆனில் இருந்தவரை அவருடைய பேங்க் ஆப் திறக்கவில்லை, மனுஷன் பயந்துவிட்டார். அப்புறம் கடையிலேயே உட்கார்ந்து, ஏற்கெனவே தமிழில் பதிவான தேதிகளையும் படிக்கிற மாதிரி மாற்றி, புது பில்டைப் போட்டேன். ஒரு டஜன் கைலிக்கு பில் போட்டார். மூடவில்லை.