ஈதர் ஓடிப்போன மீட்டர்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

மாமாவின் எம்ஜிபி, அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஒருவழியாக ஷெட்டுக்கு வந்துவிட்டது. 1964-ல் இங்கிலாந்தின் அபிங்டனில் செய்த வண்டி. நீலகிரியில் ஒரு எஸ்டேட்காரர் வைத்திருந்து, பிறகு கைமாறி மாமாவிடம் வந்தது. வெளியே பார்த்தால் சீமைச் சரக்கு. பானட்டைத் திறந்தால் அம்பாசடர் மெக்கானிக் எவருக்கும் பழகிய முகம்தான். இரண்டிலும் இருப்பது பிஎம்சியின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) 'பி' வரிசை எஞ்சின்; பழைய பெட்ரோல் அம்பாசடரில் 1489 சிசி, இதில் 1798. அதனால் எஞ்சின் வேலைக்குக் கோவையில் கவலையில்லை. சிக்கல் டேஷ்போர்டில்.

ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டர். ஒரே வட்டத்துக்குள் இரண்டு முள்: ஒன்று ஆயில் பிரஷருக்கு, மற்றது தண்ணீர்ச் சூட்டுக்கு. ஆயில் முள் ஒழுங்காக ஏறி இறங்குகிறது. சூட்டு முள் அடியில் படுத்ததுதான், எழவே இல்லை. முன்பு எங்கோ ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) வேலை நடந்தபோது, சூட்டை உணரும் குமிழைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த நட்டைத் திருகியிருக்கிறார்கள். நட்டோடு சேர்ந்து, குமிழிலிருந்து மீட்டருக்கு வரும் காப்பர் டியூபும் முறுக்கிக்கொண்டு, குமிழுக்குப் பக்கத்திலேயே அறுந்துபோயிருக்கிறது. குமிழ் இன்னும் ஹெட்டுக்குள்.

"கரண்டுல ஓடுற சூட்டு மீட்டர் ஒண்ணு வாங்கி மாட்டிட்டா வேலை முடிஞ்சுதுல்ல மாப்ள?" என்றார் மாமா. முடியும். ஆனால் அந்த டயலை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால், பக்கத்து மீட்டர்களோடு எழுத்தும் சேராது, முள்ளும் சேராது. எனக்கு அது ஒத்துவராது.

ஏப்ரல் 8, செவ்வாய்

மீட்டரைக் கழற்றினேன். பின்பக்கம் ஆயில் பைப் நுழையும் இடத்தில் ஒரு சின்னத் தோல் வாஷர் உண்டு. அதைப் பத்திரமாக எடுத்து வைத்தாயிற்று. முன்பக்க குரோம் வளையத்தைத் திருகினால் அதன் காதுகள் மீட்டர் விளிம்பில் உள்ள பள்ளத்துக்கு நேரே வந்து கழன்றுவிடும் என்பார்கள். அறுபது வருடத் துருவுக்கு அது தெரியாது. ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறவைத்துக் காலையில் மெல்ல அசைத்தபின்தான் வந்தது.

உள்ளே பேட்டரி சம்பந்தமே இல்லை. ஒரு முனை அடைத்த, சப்பையான, வளைந்த குழாய். 1849-ல் பிரெஞ்சுக்காரர் யூஜின் போர்டான் காப்புரிமை வாங்கிய யோசனை இது. உள்ளே அழுத்தம் ஏறினால் வளைவு நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவை நெம்பு பெரிதாக்கி முள்ளைத் தள்ளும். ஆயிலுக்கு ஒரு குழாய், சூட்டுக்கு ஒரு குழாய். ஆயில் பக்கம் எஞ்சினின் எண்ணெயே நேராக வந்து அழுத்துகிறது. சூட்டுப் பக்கம் அந்த வேலையைச் செய்வது ஈதர் என்ற, சட்டென்று ஆவியாகும் திரவம்.

ஈதர் 34.6 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். ஹெட்டில் இருக்கும் குமிழுக்குள் கொஞ்சம் ஈதரை விட்டு, மயிரிழைத் துளை கொண்ட டியூபால் மீட்டரோடு இணைத்துச் சீல் வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் சூடாகச் சூடாக ஆவியின் அழுத்தம் ஏறும். 100 டிகிரியில் அது காற்றழுத்தத்தைப் போல ஆறு மடங்குக்கும் மேல். இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம், குமிழில் இருக்கும் திரவத்தின் சூடு மட்டும்தான் கணக்கு. டியூப் எத்தனை அடி நீளம், எஞ்சினின் அனலில் எவ்வளவு வெந்தது என்பதெல்லாம் முள்ளுக்குப் பொருட்டே இல்லை. அழுத்தம் சீராக ஏறாமல் போகப்போக வேகமெடுப்பதால்தான் டயலில் கோடுகள் சூடான பக்கத்தில் விலகி விலகி இருக்கின்றன. ஓட்டுபவனுக்குத் தேவையான இடமும் அதுதானே.

டியூப் அறுந்த அன்றே ஈதர் காற்றோடு போயிருக்கும். மீட்டருக்குள் எந்தப் பழுதும் இல்லை. அறுந்த முனையில் சிரிஞ்சை வைத்து மெதுவாக அழுத்தினால் முள் எழுகிறது.

ஏப்ரல் 12, சனி

பொள்ளாச்சியில் டிராக்டர் உதிரிபாகக் கடை. டிராக்டருக்கு விற்கும் டெம்பரேச்சர் மீட்டரும் இதே குமிழ், இதே டியூப்தான். ஈதரைத் தனியாக வாங்கி நிரப்புவதைவிட, நிரப்பிச் சீல் வைத்த டியூபை வெட்டி ஒட்டுவது மேல்.

"என்ன வண்டிக்குங்க?" என்றார் கடைக்காரர். சொன்னேன்.

"அதுக்கு இது சேராதுங்களே."

"டியூப் மட்டும் போதுங்ணா. மீட்டரை வெட்டிப் போட்டுருவேன்."

ஒரு மாதிரி பார்த்துவிட்டு பில் போட்டார். திரும்பும் வழியில் கணபதியில் லேத் பட்டறைக்குப் போய், ஹெட்டின் மரைக்கும் டிராக்டர் நட்டுக்கும் நடுவில் வைக்கப் பித்தளையில் ஒரு அடாப்டர் கடையச் சொன்னேன். பழைய குமிழை ஹெட்டிலிருந்து எடுத்தது தனிக் கூத்து, அதை எழுதப் பொறுமையில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

விடியற்காலையிலேயே ஆரம்பித்தேன். இந்த மாதத்தில் கோவையில் பத்து மணிக்கு மேல் ஷெட்டுக்குள் ஈதர் தானாகவே கொதிக்கிற சூடு வந்துவிடும்.

தெர்மாஸ் குடுவையில் உடைத்த ஐஸும் கல் உப்பும். குமிழை டியூப் மேலே இருக்கும்படி நேராக நிறுத்தி, அரை மணி நேரம் விட்டேன். இந்தக் குளிரில் ஈதர் முழுக்கத் திரவமாகிக் குமிழின் அடியில் தங்கிவிடும். அதன்பிறகுதான் டியூபில் கை வைக்கலாம். கட்டிங் பிளேயரால் வெட்டினால் துளை நசுங்கி அடைத்துக்கொள்ளும். முக்கோண அரத்தால் சுற்றிலும் கீறி, முன்னும் பின்னும் மடக்கினால் சுத்தமாக ஒடிகிறது.

இரண்டு முனைகளையும் ஒரு அங்குலப் பித்தளைக் குழலுக்குள் எதிரெதிரே நுழைத்து ஈயம் வைக்க வேண்டும். அதற்கு முன்பே, டியூபைச் சுற்றும் கம்பிச் சுருள், தகட்டுத் துளையில் மாட்டும் ரப்பர் வளையம் (குரோமெட்) எல்லாவற்றையும் கோத்துவிட வேண்டும். ஒட்டியபின் எதுவும் ஏறாது. நெருப்பு கூடவே கூடாது. ஈதர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் பொறியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கரண்டு சால்டரிங் அயர்ன் மட்டும். ஈயம் ஒட்டிப் பிடிக்க உதவும் பிளக்ஸைத் தீக்குச்சி முனையில் தொட்டு வைத்தால் போதும். குளிரில் உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவு; பிளக்ஸ் அதிகமானால் உள்ளே உறிஞ்சிக்கொண்டு துளையை அடைத்துவிடும். குமிழ்ப் பக்கம் டியூபில் ஈரத்துணி சுற்றியிருந்தேன்.

ஈயம் குழலின் இரு பக்கமும் வெள்ளி வளையமாக ஓடி நின்றது. ஐஸிலிருந்து எடுத்து உள்ளங்கையில் குமிழைப் பிடித்தேன். முள் லேசாக நகர்ந்தது! வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்கள் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. ஷெட் பக்கம் போகவில்லை.

ஏப்ரல் 19, சனி

அளவு சரிபார்ப்பு. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரம், ஆகவே இங்கே தண்ணீர் 98.6 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கும். டயல் ஃபாரன்ஹீட்; முள் 210-க்கு ஒரு நூல் கீழே நிற்க வேண்டும். நின்றது 220-க்கு அருகில். டிராக்டர் டியூபில் அடைத்த சரக்கும் பழையதும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காதே. டவுன்ஹால் பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர், முள் கழற்றும் கருவியால் அதை நோகாமல் தூக்கி, கொதிநீர் அளவுக்கு நேராக மறுபடி உட்கார வைத்தார். "தம்பி, இது என்ன கடிகாரம்? மணி இருநூத்திப் பத்துன்னு காட்டுது" என்றார்.

இப்போது கொதிநீரிலும் 180-லும் சரி. குளிர்ந்த பக்கத்தில் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது. அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

டியூபை எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு சுற்று சுற்றித் தளர்வாக விட்டிருக்கிறேன். அதிர்வை அந்தச் சுற்று வாங்கிக்கொள்ளும். அடாப்டரில் கசிவில்லை.

மாமாவோடு மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினோம். சமவெளியில் 180-ஐ ஒட்டி நின்றது. தண்ணீர்ச் சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட் 82 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறக்குறைய 180 ஃபாரன்ஹீட்; கணக்கு சரி. கல்லாறு கடந்து ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது 200-ஐத் தாண்டியது. மாமா ரோட்டைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தார். பர்லியாறில் நிறுத்தி டீ குடித்தோம். லாரியை முன்னால் விட்டு நிதானமாக ஏறியதும் 190-க்கு இறங்கிவிட்டது.

இறங்கும்போது கவனித்தேன், ஸ்பீடோமீட்டர் முள் 40 மைலுக்கு மேல் நடுங்குகிறது. கேபிளாக இருக்கும். அடுத்த சனிக்கிழமை உருவிப் பார்க்க வேண்டும்.