லிங்கங்களின் மேல் ஓடும் ஆறு: கம்போடியத் திருத்தல யாத்திரை

கம்போடியாவுக்குச் செல்லும் அடியார்கள் பெரும்பாலும் அங்கோர் வாட்டுக்கே முதலில் விரைகிறார்கள். யாத்திரையை மலையிலிருந்து, அதுவும் ஓர் ஆற்றிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் எண்ணம். சியாம் ரீப் நகருக்கு வடக்கே, குலேன் மலைத்தொடரில் உள்ள கபல் ஸ்பியனில், காட்டுப் பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் ஏறினால், ஆற்றின் பாறைப் படுகையிலேயே 11ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட எண்ணற்ற லிங்கங்களையும் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமாலையும் தரிசிக்கலாம். அர்ச்சகரும் இல்லை, குடமும் இல்லை. ஆறே ஓயாமல் அபிஷேகம் செய்து, அந்தத் தீர்த்தத்தைச் சமவெளிக்குக் கொண்டு செல்கிறது. மழைக்காலம் முடிந்து வெள்ளம் தணியும் கார்த்திகை, மார்கழியில் சென்றால் சிற்பங்கள் தெளிவாகத் தெரியும். இம்மலைத்தொடரில்தான் 802ஆம் ஆண்டு இரண்டாம் ஜெயவர்மன் சக்கரவர்த்தியாக அபிஷேகம் பெற்றான். அங்கோர் கோயில்களுக்கான மணற்கல்லும் இதன் அடிவாரத்தில்தான் வெட்டப்பட்டது. கெமர் (பழங்கம்போடிய) கோயிலின் கல்லும் நீரும் ஒரே மலையின் கொடை.

அங்கிருந்து இறங்கும் வழியிலேயே பண்டே ஸ்ரீ என்னும் சிவன் கோயில் இருக்கிறது. 967ஆம் ஆண்டு திரிபுவன மகேசுவரர் என்ற திருநாமத்தில் இங்கே ஈசனைப் பிரதிஷ்டை செய்வித்தவர் அரசர் அல்லர். அரசகுருவான யக்ஞவராகர் என்னும் அந்தணர். அகழி சூழ்ந்த இக்கோயில் அளவில் மிகச் சிறியது. கருவறை வாயில்களில் குனிந்துதான் நுழைய முடியும். இப்போது உள்பிரகாரத்துக்குள் அனுமதி இல்லாததால், வெளியே நின்றே வணங்க வேண்டியிருக்கிறது. செந்நிற மணற்கல்லில் மரவேலைக்குரிய நுணுக்கத்தோடு ஆழச் செதுக்கப்பட்ட கொடிகளுக்கு நடுவே, இராவணன் கயிலையை அசைக்கிறான், மன்மதன் மலர்க்கணை தொடுக்கிறான்.

நான் தேடிச் சென்ற காட்சி கிழக்குக் கோபுரத்தின் முகப்பில் இருந்தது. பல கரங்களை விரித்து ஈசன் ஆட, அவர் திருவடிக்கு அருகில் வற்றிய உடலோடு ஒரு மூதாட்டி அமர்ந்திருக்கிறார். அறிஞர்கள் பலர் அவரைக் காரைக்கால் அம்மையார் என்றே அடையாளம் காண்கிறார்கள். சேக்கிழார் பெரியபுராணம் பாடுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே, ஆடும் போது உன் அடியின்கீழ் இருக்க வேண்டும் என்று அம்மையார் வேண்டிய வரம் இந்தக் காட்டுக்குள்ளும் பலித்திருக்கிறது என்று எண்ணியபோது, கைகள் தாமாகவே கூப்பின. வழிகாட்டிகள் பலரும் இதைக் கடந்து இராவணனிடம் போய்விடுகிறார்கள். நம்மவர்கள் கேட்டுப் பார்த்து வணங்க வேண்டும்.

அங்கோர் வாட்டைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுத்த இக்கோயிலில், நம் பிற்காலக் கோயில்களைப் போல வாயிற்கோபுரம் ஓங்கி விமானம் தாழ்ந்திருப்பதில்லை. உள்ளே செல்லச் செல்லத் தளங்கள் உயர்ந்து, நடுக்கோபுரம் மேருவாக 65 மீட்டர் எழுகிறது. சுமார் 190 மீட்டர் அகலமுள்ள அகழியே அந்த மேருவைச் சூழ்ந்த கடல். இன்று இது பௌத்தத் தலம் என்றாலும், மேற்கு வாயிலில் எட்டுக் கரங்களோடு நிற்கும் திருமாலைத் ‘தா ரீச்’ என்று அழைத்து, உள்ளூர் மக்கள் ஊதுவத்தியும் மலரும் வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். யாத்திரை முழுவதிலும் நான் கண்ட உயிருள்ள வழிபாடு இதுவே.

அருகிலுள்ள மேற்குப் பராய் என்னும் ஏரி ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. அதன் நடுத்தீவுக் கோயிலில் 1936ஆம் ஆண்டு அனந்தசயனப் பெருமாளின் மாபெரும் வெண்கலத் திருமேனியின் பகுதிகள் கிடைத்தன.

தலைநகர் புனோம் பென்னில் கோயில் தேடிச் செல்பவர்களுக்கு, வான் மொலிவான் என்னும் கட்டடக் கலைஞரின் படைப்புகளைப் பார்க்கச் சொல்வேன். 1958ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவருடைய விடுதலை நினைவுச்சின்னம், நாகத் தலைகள் சூழ அடுக்கடுக்காக எழும் செந்நிறக் கோயிற்கோபுர வடிவம். கருவறை இருக்க வேண்டிய இடத்தில், தேசிய விழாக்களில் சுடர் ஏற்றுகிறார்கள். 1964ஆம் ஆண்டு முடிக்கப்பட்ட அவருடைய ஒலிம்பிக் விளையாட்டரங்கம், அங்கோரைப் போலவே, தோண்டிய மண்ணை மேடாக்கி, மழைநீர் வடியச் சுற்றிலும் நீர்நிலைகள் விட்டு அமைக்கப்பட்டது. அந்த நீர்நிலைகளைப் பின்னாளில் தூர்த்து அடுக்குமாடிகள் எழுப்பிவிட்டார்கள். பராய் வெட்டிய மன்னர்களின் வழிவந்தவர்கள் செய்யத் தகாத காரியம் அது என்று அங்கே நிற்கையில் எனக்குத் தோன்றியது.