கடை சாத்துகிற நேரம்

ஜூன் 23, 2020. செவ்வாய்

நர்ஸ் டூட்டிக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு மதினி வாசலில் நின்றாள். "அப்பாவும் போயிட்டாராம்ட்டீ." நேற்று ராத்திரி மகன், இன்று விடியக்காலம் அப்பா. ஜெயராஜ் அண்ணாச்சிக்கு 59 வயது, பென்னிக்ஸுக்கு 31. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி, 19ஆம் தேதி சாத்தான்குளம் போலீஸ் பிடித்துப்போனவர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று யாரும் சத்தமாகப் பேசவில்லை. சுகர் மாத்திரை வாங்க வந்த ஆச்சி மட்டும், "கடையைத் தொறந்து வச்சதுக்கா? கடையைத் தொறந்து வச்சதுக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எங்க வீட்டுக்காரங்க 7 மணிக்கே நம்ம கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டாங்க. சாப்பிடவில்லை.

ஜூன் 24

பஜாரில் ஒரு கடை திறக்கவில்லை.

முதலமைச்சர் அறிக்கையில் மகனுக்கு மூச்சுத்திணறல், தகப்பனுக்கு உடல்நலக்குறைவு. ஆளுக்கு 10 லட்சம். வாசித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. மூச்சுத்திணறல் எதனால் வந்தது என்று கேட்பதுதானே எங்கள் வேலையே! வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை கடையில் உட்கார்ந்து செல்போன் விற்ற 31 வயசுப் பையனுக்குத் திங்கட்கிழமை ராத்திரி எப்படி மூச்சு முட்டும்?

ஜூன் 25

அடக்கம் முடிந்தது. கொரோனாவை மீறி அத்தனை ஜனம். டிவியில் அந்த அம்மாவின் முகத்தைக் காட்டினார்கள். வீட்டில் ஒரே வாரத்தில் புருஷனும் மகனும். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஹைகோர்ட் மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்திருக்கிறது. நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி. பாளையங்கோட்டையில் 3 டாக்டர்கள் போஸ்ட்மார்ட்டம் செய்து வீடியோ எடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் நல்லது.

ஜூன் 26

தூக்கம் இல்லை. கைலி கைலி என்றே ஓடுகிறது.

20ஆம் தேதி காலையில் ஆஸ்பத்திரிக்கும் மாஜிஸ்திரேட்டிடமும் கூட்டிப்போன நேரத்தில், ரத்தம் நிற்காமல் கைலியை மாற்றிக்கொண்டே இருந்தார்களாம். கூட இருந்தவர்கள் சொல்கிறார்கள். கருப்புக் கலரில் கொண்டு வாருங்கள் என்று போலீஸே சொன்னதாம். ரத்தம் தெரியக் கூடாது என்று யோசிக்கத் தெரிந்தவனுக்கு, ரத்தம் ஏன் வருகிறது என்பதும் தெரியும்.

எனக்கு இந்த வேலையில் 17 வருஷம். போலீஸ் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். ஓ.பி. சீட்டு, பி.பி., நாடி, ஏ.ஆர். புத்தகத்தில் (காயங்களை எழுதும் பதிவேடு) பதிவு, டாக்டரின் சான்றிதழ். காயம் இருந்தால் எங்கே, என்ன அளவு, என்ன நிறம், எப்படி வந்தது என்று அந்த ஆளிடமே கேட்டு எழுத வேண்டும், போலீஸை வெளியே நிறுத்திவிட்டு. உட்கார முடியாத ஒருத்தனைப் பார்த்தால் எங்கள் ஆயாம்மாவுக்கே புரிந்துவிடும். அப்படியிருந்தும் சிறைக்கு அனுப்பலாம் என்று ஒரு கையெழுத்து விழுந்திருக்கிறது. அடுத்தது மாஜிஸ்திரேட் கையெழுத்து. மாடியில் நின்றபடியே கையைக் காட்டி அனுப்பிவிட்டார் என்கிறார்கள். கிட்டத்தில் கூப்பிட்டு "உன்னை அடிச்சாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பதற்குத்தானே ரிமாண்டுக்கு ஆளை நேரில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது சட்டம்? அதன்பிறகு 100 கிலோமீட்டர் தள்ளி கோவில்பட்டி கிளைச் சிறை. அங்கே ரிஜிஸ்டரில் காயத்தைக் குறித்தார்களாம். குறித்துவிட்டு உள்ளே அடைத்தார்கள்.

ஒவ்வொரு இடத்திலும் ஒரு மேஜை, ஒரு பேனா. ஒருத்தர், ஒரே ஒருத்தர் பேனாவைக் கீழே வைத்திருந்தால் இரண்டு பேரும் உயிரோடு இருந்திருப்பார்கள். லத்தி பிடித்தவனை மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது.

ஜூன் 27

துவைத்த கைலியை மடிக்க மனசு வரவில்லை. கொடியிலேயே கிடக்கட்டும்.

ஜூன் 28

தம்பி போன் பண்ணினான் (தூத்துக்குடியில் வக்கீல்). எஃப்.ஐ.ஆரில் ஐ.பி.சி. 188, 269, 294(b), 353, 506(2) பிரிவுகள். எதற்கும் 7 வருஷத்துக்கு மேல் தண்டனை கிடையாது, இதற்கெல்லாம் எடுத்தவுடன் கைது செய்யத் தேவையே இல்லை என்றான். கொரோனா நேரத்தில் சிறையில் நெரிசலைக் குறையுங்கள் என்று மார்ச் 23 அன்றே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறதாம். "அப்ப ஏம்ல ரிமாண்டு?" என்றேன். "அதான்க்கா கேள்வி" என்றான்.

அவங்க வர 8:20 ஆகிவிட்டது. ஷட்டர் சத்தம் கேட்கும் வரை வாசலை விட்டு நகரவில்லை. "யாரோ சீனி கேட்டா, குடுத்துட்டு வந்தேன்" என்கிறாங்க. கால் கிலோ சீனிக்கு!

ஜூன் 29

விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன் முன்னாலேயே ஒரு போலீஸ்காரர், "உன்னால ஒண்ணும் புடுங்க முடியாதுடா" என்றாராம். நீதிபதிக்கே இது. அப்படியானால் 19ஆம் தேதி ராத்திரி, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த இரண்டு பேரிடம் என்ன பேசியிருப்பார்கள்?

ஸ்டேஷனை வருவாய்த் துறை கையில் எடுக்கச் சொல்லிவிட்டது ஹைகோர்ட். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தாசில்தார் காவல். இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஸ்டேஷன் கேமராவில் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். ஹார்டு டிஸ்கில் இடத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் பக்கத்துக் கடை கேமரா எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. தரையில் விழுந்து புரண்டார்கள் என்று எஃப்.ஐ.ஆர். சொல்கிறது. வீடியோவில் அண்ணாச்சி நடந்துதான் போகிறார். பென்னிக்ஸ் வருகிறான், போன் பேசுகிறான், பின்னாலேயே போகிறான். நாலு தடவை பார்த்தேன். இனிமேல் பார்க்கக் கூடாது.

ஜூலை 1

ரேவதி.

தலைமைக் காவலர். அந்த ராத்திரி டூட்டியில் இருந்தவர். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லியிருக்கிறார். வெளியே சக போலீஸ்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள். கையெழுத்துப் போடப் பயந்திருக்கிறார். பாதுகாப்பு தருவோம் என்று எடுத்துச் சொன்ன பிறகு போட்டிருக்கிறார்.

அவருக்கும் பிள்ளைகள் இருக்கும். நாளைக்கு இதே உடுப்பில், இதே ஆட்களோடு வேலை பார்க்க வேண்டும். அந்தக் கை எப்படி நடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். டூட்டி ரூமில் சொல்லும்போது அழுதுவிட்டேன். எங்கள் லேப் அக்காவும் அழுதாள்.

நேற்றே ஹைகோர்ட் சொல்லிவிட்டது: போஸ்ட்மார்ட்டம் அறிக்கையே கொலை வழக்குப் போடப் போதும், சி.பி.ஐ. வரும் வரை ஒரு நொடி வீணாகாமல் சி.பி.சி.ஐ.டி. விசாரிக்க வேண்டும்.

ஜூலை 2

ராத்திரி முதல் கைது. காலைக்குள் இன்ஸ்பெக்டர் உட்பட வரிசையாக. சாத்தான்குளத்தில் வெடி போட்டார்களாம்.

அவங்களுக்கு முகமே மாறிவிட்டது. "பாத்தியா, கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்குல்லா." நான் ஒன்றும் சொல்லவில்லை. இதே தூத்துக்குடியில் 2018 மே 22, ஸ்டெர்லைட் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. செத்தது பதிமூன்று பேர். கமிஷன் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஜூலை 4

பேய்க்குளத்து இளைஞர் ஒருவரின் சாவும் வெளியே வருகிறது. அதே ஸ்டேஷன். ஜூன் 13இல் இறந்திருக்கிறார். அதற்கு அப்போதே யாராவது பதில் சொல்லியிருந்தால் ஜூன் 19 நடந்திருக்குமா?

ஜூலை 6

ராத்திரி 10 மணிக்கு ஒரு பையனைச் சான்றிதழுக்குக் கொண்டுவந்தார்கள். 22, 23 வயசு. மணல் வண்டி கேஸ். எங்கள் டாக்டரம்மா போன வருஷம்தான் படிப்பை முடித்து வந்த பிள்ளை. என்னைப் பார்த்தாள். நான் எஸ்.ஐ.யிடம், "சார், கொஞ்சம் வெளியே இருங்க" என்றேன். அவர் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு போனார்.

சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, உள்ளங்கால், தொடை எல்லாம் பார்த்தோம். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, நாலைந்து நாள் பழசு, பொருக்குத் தட்டியிருந்தது. வண்டியிலிருந்து விழுந்ததாம். அதையும் அளந்து எழுதினாள். அடிக்கவில்லை என்று அவன் வாயால் சொன்னதையும் எழுதினாள். இருபது நிமிஷம் ஆனது. இருபது நிமிஷம்தான்.

ஜூலை 8

போலீஸுக்கு உதவியாகப் போகும் தன்னார்வலர்களின் ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸுக்குத் தடை. மதினி மகன் அந்தச் சட்டையைப் பீரோவுக்குள் எங்கேயோ திணித்துவிட்டான்.

காய்ச்சல் வார்டில் 6 பேர்.

ஜூலை 9

கடை வாடகை பாக்கி. சரக்கு வரவில்லை. 6:30க்கே சாத்தினால் யாவாரம் எப்படி நடக்கும் என்று அவங்க கத்த, நான் பதிலுக்குக் கத்த, பிள்ளை அழுகிறது.

ஜூலை 11

டெல்லியிலிருந்து சி.பி.ஐ. ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். கைதானவர்கள் மொத்தம் 10 பேர். பத்தும் போலீஸ். அந்தச் சான்றிதழை எழுதியவரிடமும், ரிமாண்டு உத்தரவு போட்டவரிடமும், காயத்தோடு வந்தவர்களை உள்ளே அடைத்தவரிடமும் என்ன கேட்டார்கள் என்று பேப்பரில் மூன்று நாளாகத் தேடுகிறேன். தம்பியிடம் கேட்டேன். வார்டு டூட்டி முடிந்து வந்ததும் அவனோடு உட்கார்ந்து, ஹைகோர்ட் பதிவாளருக்கு ஒரு மனு எழுத வேண்டும். நர்ஸ் எழுதினால் வாசிப்பார்களா என்று அவங்க கேட்கிறாங்க. வாசிக்கட்டும், வாசிக்காமல் போகட்டும். ஏ.ஆர். புத்தகம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்து