சி.ஜி.யில பாத்துக்கலாம்

கோவையில் சினிமாவுக்கு சி.ஜி., அதாவது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ், செய்கிற ஆபீஸில் ரோட்டோ வேலை பார்க்கிறேன். நொடிக்கு 24 ஃப்ரேம், ஒவ்வொரு ஃப்ரேமிலும் நடிகரைச் சுற்றிக் கோடு பிடித்து, பின்னால் இருப்பதிலிருந்து தனியே பிரித்துக் கொடுக்க வேண்டும். சில நாள் சண்டைக் காட்சியில் இடுப்பில் கட்டிய கயிறை அழிக்கிற வேலை. இதை எங்க அப்பிச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், விளக்கியபோது, "ஊரெல்லாம் படம் எடுக்கறாங்க, நீ அழிக்கறயாக்கும்? அதுக்குச் சம்பளம் வேறயா?" என்றார்.

இந்த வேலையில் இருப்பவனைக் கல்யாண வீட்டில் பிடித்து வைத்துக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் படம் கம்ப்யூட்டர் இல்லாமலே நம்புகிற மாதிரி இருந்ததே, அதையே இப்போது ரீமேக் செய்து கோடி கோடியாகக் கொட்டியும் ஏன் பொம்மையாட்டம் இருக்கிறது?

ரீமேக் என்பதாலேயே மட்டம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கொங்கு நாட்டுக்காரனுக்கு அது அழகில்லை. நாமக்கல் கவிஞர் எழுதிய கதையை கோவை பட்சிராஜா ஸ்டுடியோ 1954இல் மலைக்கள்ளனாக எடுத்தது, அதுவே ஆறு மொழிகளில் படமானது, இந்தியில் திலீப்குமார் நடித்தார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் போட்டு எடுத்த உத்தம புத்திரன், 1958இல் சிவாஜி நடிக்க மறுபடி வந்தது, இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கும் ஞாபகம் வருவது இரண்டாவதுதான்.

அந்தக் காலத்து இரட்டை வேடம் எப்படி என்றால், கேமராவை அசையாமல் நிறுத்தி லென்ஸின் ஒரு பாதியைக் கருப்பாக மறைத்து அண்ணனை எடுப்பார்கள், அப்புறம் அதே ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்துத் தம்பியை எடுப்பார்கள். கேமரா துளி நகர்ந்தாலும், வெளிச்சம் மாறினாலும், முதல் தடவை எடுத்ததும் சேர்ந்து வீண். நடிகர் வெறும் காற்றைப் பார்த்து, எதிரில் ஆள் இருக்கிற மாதிரி, வசனத்துக்கு இடைவெளி விட்டுப் பேச வேண்டும். நடுவில் ஒரு தூணோ கதவோ வருகிற மாதிரி வைத்தால் ஒட்டு தெரியாது. அதாவது தச்சர், லைட்மேன், நடிகர், கேமராமேன் எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்த பிறகுதான் கேமராவே ஓடும்.

இப்போது எங்களுக்கு வருகிற ப்ளேட்டை, அதாவது செட்டில் எடுத்து அனுப்பிய காட்சியை, திறந்தால் வேறு கதை. நடிகருக்குப் பின்னால் கட்டுகிற பச்சைத் துணியான க்ரீன் மேட் சுருங்கித் தொங்கும், அந்தப் பச்சை கன்னத்தில் அடித்திருக்கும், முகத்துக்கு வெளிச்சம் இடது பக்கம் இருந்து வரும், பின்னால் வைக்கச் சொல்லி அனுப்பிய வானத்தில் சூரியன் வலது பக்கம் இருக்கும். செட்டில் யாரோ "சி.ஜி.யில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். பார்த்துக்கொள்வது நாங்கள்தான், ராத்திரி முழுக்க, டெலிவரிக்கு முந்தைய நாள்.

கம்ப்யூட்டர்மேல் எனக்குக் கோபமில்லை, சோறு போடுவதே அதுதான். 1993இல் வந்த ஜுராசிக் பார்க்கில் டைனோசர்கள் திரையில் வருவதே சுமார் கால் மணி நேரம், அதிலும் கம்ப்யூட்டரில் செய்தது பாதிக்கும் குறைவு, மற்றதெல்லாம் செய்து வைத்த பொம்மைகள். எதைப் பொம்மையில் எடுப்பது, எதைக் கம்ப்யூட்டரில் செய்வது என்று பிரித்து வைத்துக்கொண்டுதான் அந்த ராத்திரி மழையில் நம்மை நடுங்க வைத்தார்கள். 2019இல் கம்ப்யூட்டரில் ரீமேக் செய்த லயன் கிங் இதற்கு நேர்மாறு. வேலை என்று பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம், ஒவ்வொரு முடியும் நிஜம். ஆனால் நிஜச் சிங்கத்துக்கு அழத் தெரியாதே! 1994இல் கையால் வரைந்த சிங்கக்குட்டியின் புருவம் செய்த வேலையை அந்த முடியெல்லாம் சேர்ந்தும் செய்யவில்லை. அது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவர்களின் குறை இல்லை, சிங்கம் நிஜமாகத்தான் இருக்க வேண்டும் என்று மேலே எடுத்த முடிவு.

ஆபீஸில் புதிதாகச் சேர்கிற பசங்களுக்கு சாஃப்ட்வேர் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பழைய இரட்டை வேடக் காட்சியைப் போட்டுக் காட்டி, ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒட்டைக் கண்டுபிடித்த கையோடு, "ஏங்கண்ணா, அண்ணன் கை தம்பி பக்கம் வரவே இல்லீங்களே?" என்று கேட்பார்கள். அந்தப் பக்கம் வந்தால் கை மறைந்துபோகும், அதனால்தான் இருவரும் தோளில் கைபோட வேண்டிய இடத்தில் டூப்பின் முதுகு வந்து நிற்கும். அப்புறம் அதே பிள்ளையிடம், கை தாராளமாக அந்தப் பக்கம் போகிற ஒரு ஷாட்டைத் திறந்து கொடுத்து, விரல்களிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன்.