சேராத சுவர்

கோவையில் வரைபட வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்கென்று எனக்குக் கொடுத்தது அமெரிக்காவின் மொன்டானாவில், டியர் லாட்ஜ் என்ற ஊரில் இருக்கும் ஒரு பழைய மாட்டுப்பண்ணை வீடு. பெயர் கிராண்ட்-கோர்ஸ் பண்ணை. எங்களுக்கு வருவது பெரும்பாலும் அமெரிக்க வேலைதான், மரச்சுவர் பழகட்டும் என்று கொடுத்திருப்பார்கள்.

நான் புகைப்படங்களைச் சரியாகப் பார்க்கவில்லை. வீடு முழுக்க ஒரே செங்கல் சுவரைப் போட்டு இழுத்துவிட்டேன். ரெவிட் என்ற வரைபட மென்பொருளில் இரண்டு சுவர் தொட்டால் தானாகவே ஒட்டிக்கொள்ளும், பார்க்க அம்சமாக இருந்தது. சீனியர் அண்ணா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மூலை ஏன் தம்பி இவ்வளவு அழகா இருக்கு?" என்றார். பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.

உண்மையில் அந்த வீட்டின் பின்பக்கம்தான் செங்கல். முன்பக்கம் மரம், 1862-இல் ஜானி கிராண்ட் கட்டியது. மேற்கே போகும் வண்டிக்காரர்களிடம் நடந்து களைத்த மாடு இரண்டை வாங்கிக்கொண்டு தெம்பான மாடு ஒன்றைக் கொடுப்பார், வாங்கியதை மேயவிட்டுத் தேற்றி அடுத்த வருஷம் அதே கணக்கில் மாற்றுவார், இப்படித்தான் மந்தை பெருகியது. (நம்ம ஊர்ச் சந்தைத் தரகர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.) 1866-இல் பண்ணையை கான்ராட் கோர்ஸுக்கு விற்றார். இவர் ஜெர்மன்காரர், தங்கம் தேடி வந்து, தங்கம் தோண்டுகிறவர்களுக்குக் கறி வெட்டி விற்றுப் பணம் பார்த்தவர்.

அப்புறம் 1886-87 குளிர்காலம். அந்தப் பக்கத்துச் சமவெளி முழுக்கப் பனியில் மாடுகள் லட்சக்கணக்கில் செத்தன, பல பண்ணைகள் மூடியே போயின. கோர்ஸுக்கும் பலத்த அடி. ஒரு வங்கிக்காரர் நம்பிக் கொடுத்த 1,00,000 டாலர் கடனில்தான் எழுந்தார். அந்தப் பின்பக்கச் செங்கல் கட்டு வந்தது 1890-இல், அதாவது அந்தக் குளிருக்கு மூன்றே வருஷம் கழித்து. பழைய மரவீட்டை இடிக்கவில்லை, முகப்பு அப்படியே நிற்க, வந்த பணமெல்லாம் பின்னால் செங்கலாக நீண்டிருக்கிறது. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது இதனால்தான்.

இரண்டும் சந்திக்கும் அந்த இடத்தைத்தான் நான் வழித்துப் பூசியதுபோல ஆக்கி வைத்திருந்தேன். சுவரின் நுனியில் ரைட் கிளிக் செய்து ஒட்டாதே என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முன்சுவரை மரத்துக்கு மாற்றி, தடிமனைத் திருத்தி, மறுபடி அனுப்பினேன். மூலையில் இப்போது ஒரு கறுப்புக் கோடு நின்றது. அண்ணா அதைப் பார்த்துவிட்டு, "சரி, இனி ஜன்னலைப் போடு" என்றார்.