கனடா குடியுரிமைப் பரீட்சை: வரலாற்றுப் பகுதியை நான் படித்த விதம்

சொந்தத்தில் இரண்டு தம்பிமார் இந்த வருடம் குடியுரிமைப் பரீட்சை எழுதப் போகிறார்கள். அவர்களுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

மொத்தம் 20 கேள்விகள், 15 சரியென்றால் பாஸ். தேர்தல், நாடாளுமன்றம், கொடி, உரிமைகள் எல்லாம் இங்கே நாலைந்து வருடம் இருந்தவருக்கு ஓரளவு காதில் விழுந்தவைதான். எங்கள் ஆட்கள் திணறுவது வரலாற்றில். அரசாங்கம் இலவசமாகத் தரும் வழிகாட்டி நூலில் அந்த அத்தியாயம் பெரிதில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஆண்டுகளும் பிரெஞ்சுப் பெயர்களும் வந்து விழும். உடனே எல்லோரும் போனில் மாதிரிக் கேள்வி ஆப் ஒன்றை இறக்கிவிட்டு மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். அதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொரு ஆளிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இவன் எதற்காக இவ்வளவு தூரம் வந்தான்? ஐரோப்பியர் வந்த காலத்தைப் பொறுத்தவரை, பதில் பெரும்பாலும் மீனாக இருக்கும் அல்லது தோலாக இருக்கும்.

மீனிலிருந்து தொடங்கலாம். ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே வைக்கிங்குகள் நியூஃபவுண்ட்லாந்துக்கு வந்து போனார்கள். அவர்கள் தங்கிய லான்ஸ் ஓ மெடோஸ் இன்று உலக மரபுச் சின்னம். அதன் பிறகு 1497இல் ஜோன் கபோட். இத்தாலியர், ஆனால் இங்கிலாந்து அரசருக்காக வந்தவர். ஆசியாவுக்கு வழி தேடிப் புறப்பட்டவருக்குக் கிடைத்தது கோட் மீன். கூடையை இறக்கினால் மீன் வரும் என்று திரும்பிப் போனவர்கள் கதை சொன்னார்கள். அதைக் கேட்டுப் போர்த்துக்கேயர், பாஸ்க்கியர், பிரெஞ்சுக்காரர் என்று எல்லோரும் கோடையில் வந்து மீன் பிடித்து, உப்பிட்டு, கரையில் காயவைத்துக் கருவாடாக்கிக்கொண்டு குளிருக்கு முன்னர் ஊர் திரும்பினார்கள். மீன் பிடிக்கக் குடியேறத் தேவையில்லை. ஆங்கிலேயர் குடியேற்றம் 1610இல்தான் தொடங்கியது என்று நூலில் வரும்போது, நடுவில் நூறு வருடத்துக்கு மேல் என்ன நடந்தது என்று குழம்பவேண்டாம். கருவாடுதான் நடந்தது. (1986இல் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கும் மேற்பட்ட எங்கள் தமிழ்ச் சனத்தை அங்குள்ள மீனவர்கள் காப்பாற்றியதும் இதே நியூஃபவுண்ட்லாந்துக் கடலில்தான். பரீட்சையில் வராது, ஆனால் கரை எதுவென்று மறக்காது.)

அடுத்தது கார்ட்டியே, பிறகு ஷாம்ப்ளேன். இருவரும் பிரெஞ்சுக்காரர் என்பதால் பலருக்கு மாறிப்போகும். ஜாக் கார்ட்டியே 1534க்கும் 1542க்கும் இடையில் மூன்று தடவை வந்து, செயின்ட் லோரன்ஸ் ஆற்றில் உள்ளே போனவர். தங்கமும் வைரமும் என்று நம்பிக் கொண்டுபோன கற்கள் பிரான்ஸில் பைரைட்டும் குவார்ட்ஸும் என்று தெரியவந்தது. அதோடு பிரான்ஸுக்கு ஆசை விட்டுப்போய், அரை நூற்றாண்டுக்கு மேல் நிலையான குடியேற்றம் எதுவும் இல்லை. சாமுவேல் டி ஷாம்ப்ளேன்தான் தங்கினவர். 1604இல் டி மோன் என்பவரோடு செயின்ட் குரோய் தீவில் இறங்கினார். அந்தத் தீவு இன்று அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே முதல் குளிரிலேயே கிட்டத்தட்ட பாதிப்பேர் செத்துப்போக, அடுத்த வருடம் நோவா ஸ்கோஷியாவின் போர்ட் ரோயலுக்கு மாறினார்கள். 1608இல் கியூபெக் கோட்டை. வந்துபோனவர் கார்ட்டியே, இருந்துவிட்டவர் ஷாம்ப்ளேன் என்று பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

தங்கம் இல்லாத குளிர் நாட்டில் எதற்காக இருந்தார்கள்? இங்கேதான் எங்கள் ஐந்து சத நாணயத்தில் இருக்கும் பீவர் வருகிறது. நான் அத்தியாயத்தை இரவில் அம்மாவுக்குத் தமிழில் கதையாகச் சொல்லித்தான் படித்தேன். அவர் கேட்டார்: "ஒரு மிருகத்தின்ரை தோலுக்கா இவ்வளவு சண்டை?" வழிகாட்டி நூலில் இதற்குப் பதில் ஒரு வரிதான், தேடி வாசிக்கவேண்டியதாயிற்று. பீவருக்கு வெளியே நீளமான முரட்டு முடி, அதற்குக் கீழே மெல்லிய அடர்ந்த உள்முடி. அந்த உள்முடியின் நுனியில் நுண்ணிய கொக்கிகள் இருப்பதால் இறுக்கினால் ஒன்றோடொன்று பின்னி, மழைக்கு அசையாத கம்பளித் துணிபோல ஆகும். ஐரோப்பாவில் கனவான்களின் தொப்பிக்கு அதுதான் வேண்டும். அங்கிருந்த பீவரை வேட்டையாடி அருகச் செய்துவிட்டார்கள். அதிலும் முதல்குடியினர் (ஐரோப்பியர் வருமுன்னரே இங்கே வாழ்ந்த மக்கள்) முடியை உள்பக்கமாகத் திருப்பி உடுத்திப் பழசாக்கிய தோலுக்குத்தான் கூடிய விலை. உடுத்தியிருக்கும்போது முரட்டு முடி தேய்ந்து உதிர்ந்து, உள்முடி மட்டும் மிஞ்சும் அல்லவா?

இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகவே வரிசைக்கு வரும். தோலைப் பிடிப்பவரும் ஆற்றுவழி தெரிந்தவரும் முதல்குடியினர். ஆகவே பிரெஞ்சுக்காரருக்குக் கூட்டு வேண்டும். ஷாம்ப்ளேன் அல்கோன்குவின், மொன்டான்யே, ஹியூரான் மக்களோடு சேர்ந்தார். அதனாலேயே அவர்களுடைய எதிரிகளான இரோகுவாய் கூட்டமைப்போடு நீண்ட சண்டை, 1701இல் சமாதானம். ஐரோப்பியரோடு வந்த அம்மை போன்ற நோய்களால் மாண்டவர்களைப் பற்றி நூல் மிக வேகமாகக் கடந்துபோகிறது. 1630களில் தொடங்கிச் சில வருடங்களில் ஹியூரான் மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இறந்தார்கள். ஒரு நாட்டின் தொடக்கக் கதையில் இதற்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

தோலின் கதையில்தான் ஹட்சன்ஸ் பே கம்பனியும். ரடிசன், குரோசெய்யே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர் அனுமதியில்லாமல் வணிகம் செய்ததாகச் சொல்லி அவர்களுடைய அதிகாரிகளே தோலைப் பறித்தார்கள். இருவரும் கோபத்தில் ஆங்கிலேயரிடம் போய் ஹட்சன் குடா வழியைச் சொன்னார்கள். 1670இல் இரண்டாம் சார்ள்ஸ் அரசர் அந்தக் குடாவுக்கு நீர் வடியும் நிலம் முழுவதிலும் வணிக உரிமையை ஒரு கம்பனிக்கு எழுதிக்கொடுத்தார். 2025இல் மூடப்படும்வரை நாங்கள் மோலில் உடுப்பு வாங்கிய அதே கம்பனி! 1670 என்ற ஆண்டும் அரசரின் பெயரும் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும்.

1759இலிருந்து வேகமாகப் போகலாம். கியூபெக்கில் ஏபிரகாம் சமவெளிப் போர், பிரெஞ்சுக்காரரைப் பிரித்தானியர் வென்றனர், வுல்ஃப், மொன்காம் என்று இருபக்கத் தளபதிகளும் மாண்டனர். 1774இல் கியூபெக் சட்டம்: கத்தோலிக்கருக்கு மதச் சுதந்திரமும் அரச பதவியும், பிரெஞ்சுக் குடியியல் சட்டம் மீண்டும். தெற்கே, பின்னர் அமெரிக்காவான பிரித்தானியரின் பதின்மூன்று குடியேற்றங்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம், பிரெஞ்சுக்காரரைப் பகைக்க முடியுமா? அமெரிக்கா பிரிந்தபின் அரசருக்கு விசுவாசமான 40,000க்கும் மேற்பட்டோர் வடக்கே வந்தார்கள். அவர்களுக்கும் இடம் கொடுக்க 1791இல் மேல் கனடா, கீழ்க் கனடா என்று பிரித்தார்கள். வரைபடத்தில் மேல் கனடா கீழே கிடக்கும். ஆற்றின் ஓட்டத்தைப் பாருங்கள்: ஏரிகளின் பக்கம் மேல், அது இன்றைய ஒன்ராறியோ, கடலின் பக்கம் கீழ், அது கியூபெக்.

இதற்காகவே ஒரு வெற்று வரைபடத்தை அச்செடுத்துக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். ஆறு, ஐந்து ஏரிகள், ஹட்சன் குடா, கிழக்குக் கரை போதும். படித்த பெயரை அந்த இடத்திலேயே எழுதுங்கள். 1867இல் கனடாவாக இணைந்த நான்கு மாகாணங்களையும் (ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக்) பிறகு வந்தவற்றையும் அதிலேயே நிறம் தீட்டலாம். நியூஃபவுண்ட்லாந்து 1949வரை வராதது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நூல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான், ஒலிவடிவமும் உண்டு. இரவு ஷிப்டுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் அதைக் கேட்கலாம், பெயர்களின் உச்சரிப்பும் பழகும். பரீட்சையை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம், 45 நிமிடம். கமெரா படம் எடுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் முகத்தில் வெளிச்சம் விழ இருங்கள், பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பரீட்சை கிடையாது, அவர்களைப் போட்டுப் பயமுறுத்தவேண்டாம்.